இவாசே வீட்டு மாடம்

வீட்டை விற்க முடியாது என்று இவாசே தொகுஜி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நொர்மிதா அன்றைக்கே அழுது முடித்திருப்பாள்.

"வீட்டுல முன்னோர் மாடம் இருக்கு பாருங்க... அதனால கொஞ்சம்..." என்று தொலைபேசியில் இழுத்தார். பின்னால் ஒசாகா நகரத்து வண்டிகளின் இரைச்சல். டாக்சியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறார் போலிருந்தது. "குளிர் வந்திருச்சு. உடம்பப் பாத்துக்கங்க" என்று முடித்துக்கொண்டார்.

அந்தக் 'கொஞ்சம்' மறுநாள் காலை அவளோடு கருவாட்டுக் கொட்டகைக்கும் வந்தது. இசோதானியில் அப்போது சீலா மீன் காலம். மேசை நிறைய வெள்ளி வெள்ளியாகக் கிடந்தன. முதுகோடு கீறிப் பிளந்து, குடலை வழித்தெறிந்து, முள்ளோடு ஒட்டியிருக்கும் இரத்தக்கோட்டைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். கை தானாகச் செய்யும் வேலை. மனம் சும்மா இருக்கும் வேலை என்பதால் அதைவிடக் கொடிய வேலை இல்லை என்று அவளுக்குச் சில நாள் தோன்றும்.

"என்ன சொன்னான்?" என்றாள் பக்கத்து மேசை ஹிசயோ. எழுபது தாண்டியவள். இவாசே வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டின் சாவி அவளிடம்தான் இருந்தது. வாரம் ஒரு தடவை போய்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு வருவாள்.

"மாடம் இருக்காம்."

"இருக்கு. நல்லா பெருசு. அவங்க பாட்டன் கியோத்தோலருந்து படகுல கொண்டாந்தது. நான்தானே தூசி தட்டுறேன்."

"அது இல்லக்கா. என்னை அவருக்குப் பிடிக்கல. அதை நேரா சொல்ல வாய் வரல. அதான் மாடத்தை முன்னால நிறுத்துறாரு."

"அடியே, மாடம்னா மாடம்தான்."

"நீங்க இங்கயே பொறந்தவங்க. ஒங்ககிட்ட கொஞ்சம்னு சொன்னா அது கொஞ்சம்தான். என்கிட்ட சொன்னா அது நெறைய."

எதிர் மேசைப் பெண்கள் சிரித்தார்கள். ஹிசயோ சிரிக்கவில்லை. கத்தியை நீட்டிக் காட்டிச் சொன்னாள்: "வந்த புதுசுல நீ நல்லாத்தான் இருந்த. ஒண்ணைச் சொன்னா ஒண்ணு புரியும். இப்ப ஒண்ணைச் சொன்னா ஒம்பது புரியுது ஒனக்கு."

நொர்மிதா அடுத்த மீனை எடுத்துக் கீறினாள். பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவிலிருந்து இந்தக் கடற்கரைக்குக் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. முதலில் கற்றுக்கொண்டது மீன்களின் பெயர்களை. அடுத்துக் கற்றுக்கொண்டது மறுப்புகளை. 'யோசிச்சுப் பாக்கிறோம்' என்றால் யோசிக்கப்போவதில்லை. 'அது கஷ்டமாச்சே' என்றால் எழுந்து போ. 'அடடே, நல்ல எண்ணம்தான்' என்றால் வெளியே போனபிறகு சிரிப்போம். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு வாசல்படியில் நின்று, முகம் சிவக்கக் கற்றாள். அவ்வளவு விலைகொடுத்துக் கற்ற பாடம் தப்பாக இருக்க முடியாது என்று அவள் நம்பினாள்.

வீடு தேட வேண்டியிருந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் இருந்த நகராட்சிக் குடியிருப்பை வரும் கோடையில் இடிக்கப்போகிறார்கள். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வாடகைக்கு விசாரித்த இடங்களிலெல்லாம் அதே இழுவை. தனியாக இருக்கும் பெண்பிள்ளை, ஐம்பதைத் தாண்டியவள், ஜாமீன் நிற்க ஆள் இல்லாதவள். புருஷன் இறந்து வெகுகாலமாகிவிட்டது. அவன் அண்ணன் குடும்பத்தில் வருஷ திதிக்கு மட்டும் கூப்பிடுவார்கள், கடைசி வரிசையில் உட்கார. மகள் கனாகோ ஒகாயாமாவில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள்.

"என் ரூமுக்கே வந்துரும்மா. ரெண்டு பேரும் இருந்துக்கலாம்" என்றாள் மகள்.

"அதான் நீயே சொல்லிட்டியே, ஒன் ரூமுன்னு."

"ஐயோ, அப்படியா சொன்னேன்? ஒனக்குக் காது கோணலாயிருச்சும்மா."

அப்போதுதான் அவள் வாங்குவது என்று தீர்மானித்தாள். இசோதானியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. புதுச் சிறுவண்டி ஒன்று வாங்கும் காசுக்குக் கிணற்றோடு வீடு கிடைத்தது. நகராட்சி அலுவலகத்தில் விசாரித்தாள். "வெளிநாட்டவர் வாங்கக் கூடாதுன்னு சட்டத்துல ஒண்ணுமே இல்லீங்க. நிலாவுலருந்து வந்தாலும் வாங்கலாம்" என்று அங்கிருந்தவன் சிரித்தான். நிலாவிலிருந்து வந்தவர்களுக்கு அவ்வளவு எளிது போலும் என்று நினைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

இவாசே வீட்டை ஹிசயோவோடு போய்ப் பார்த்தாள். துறைமுகத்துக்கு மேலே, சரிவில், கருக்கிய தேவதாருப் பலகை அடித்த வீடு. கறுப்பு ஓடு. முன்னால் நாலு வரிசை மீன் காயப்போட இடம். அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றால் சன்னலில் அலைதாங்கிச் சுவர் தெரிந்தது. படகு வருவது தெரியும், வராததும் தெரியும். பின்னறையில் அந்த மாடம் இருந்தது. முன்னோரின் பேர்ப்பலகைகளை வைத்துக் கும்பிடும் மரப்பெட்டி, ஆள் உயரத்தில், கறுப்பு மெருகோடு. திறந்திருந்த கதவுகளுக்குள் பொன் மங்கலாகத் தெரிந்தது. அவள் அதை அதிகம் பார்க்கவில்லை. அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக்குள் எட்டிப்பார்ப்பது போலிருந்தது. தலையை மட்டும் குனிந்துவிட்டுத் தொட்டியடிக்குத் திரும்பிவிட்டாள்.

வீடு பிடித்திருந்ததா என்று பிறகு தன்னையே கேட்டுப் பார்த்தாள். பிடித்திருந்தது. ஆனால் அதைவிடப் பிடித்திருந்தது ஒன்று உண்டு. இருக்கட்டுமா, இருக்கலாமா என்று இனி ஒருவரிடமும் கேட்க வேண்டாம். அந்த ஆசை வீட்டின்மேல் உள்ள ஆசையா, களைப்பா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

தொகுஜியின் 'கொஞ்சம்' வந்தபிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவர் மனத்தில் இருப்பது 'வெளிநாட்டுக்காரி' என்ற சொல் என்றால், அந்தச் சொல்லைத் தேய்த்துத் தேய்த்து அழித்துவிட வேண்டியதுதான். இரத்தக்கோட்டைத் தேய்ப்பதில்லையா?

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேய்த்தாள். இவாசே வீடு இருந்த மேட்டுத்தெருவில் சாக்கடை வாரும் நாளில் முதல் ஆளாக இரப்பர்ச் செருப்போடு நின்றாள், அவள் அந்தத் தெருக்காரியே இல்லை. புத்தாண்டுக்குக் கோயிலில் கஞ்சி காய்ச்சியபோது கூடை கூடையாக முள்ளங்கி சீவினாள். மேற்குக் காற்று திரும்பி, கடல் கறுத்து, நாலு நாள் விடாமல் பனி கொட்டியபோது, வேலை முடிந்த கையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவாள். பூட்டிக் கிடந்த இவாசே வீட்டு வாசலிலிருந்து ஹிசயோ வாசல்வரை பனியை அள்ளித் தள்ளுவாள். நாக்கு மீன்களைக் கீறிக் கீறி மரத்துப்போன விரல்கள், மண்வெட்டிப் பிடியில் இன்னும் மரத்துப்போகும்.

"யாருக்குடி அள்ளுற?" ஹிசயோ சன்னலைக் கையளவு திறந்து கத்தினாள். "அவன் ஒசாகாவுல டாக்சி ஓட்டிட்டிருக்கான். அவனுக்குத் தெரியுமா?"

"ஊருக்குத் தெரியுமில்ல."

"ஊரு பாத்துச்சு. என்ன சொல்லுச்சு தெரியுமா? இவாசே வீட்டு முன்னாடி இந்த வருஷம் வழுக்கலன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான்."

"அது போதும்."

"பைத்தியக்காரி. உள்ள வா, சாறு கொதிக்குது."

சோயா விழுது கரைத்த மீன்தலைச் சாறு. அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நொர்மிதா கேட்டாள்: "அக்கா, நேராச் சொல்லுங்க. நான் பக்கத்து வீட்டுக்கு வர்றது ஒங்களுக்குச் சம்மதமா?"

ஹிசயோ அவளை வெறித்துப் பார்த்தாள். "இத்தனை வருஷமா ஒன் மேசை மீன் தண்ணி என் மேலதான் தெறிக்குது. இனிமே என்ன சம்மதம் வேண்டியிருக்கு?" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தாமலே, "அந்த வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேராலயும் அந்த மாடத்தைத் தொட முடியாதுடி. நீ பனி அள்ளினாலும் சரி, கடலையே அள்ளினாலும் சரி" என்றாள்.

இதையும் நொர்மிதா ஆறுதல் பேச்சு என்றே எடுத்துக்கொண்டாள்.

மார்ச்சில் பனி கரைந்து, கணவாய்க் குஞ்சுகள் வலையில் வரத்தொடங்கின. பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி, வெளியூரில் இருப்பவர்கள் கல்லறை கழுவ ஊர் திரும்புவார்கள். தொகுஜியும் அவர் அக்கா ஃபுசாயேவும் வந்திருப்பதாக ஹிசயோ கொட்டகைக்குத் தொலைபேசியில் சொன்னாள். நொர்மிதா அரைநாள் விடுப்புக் கேட்டாள். அவித்த கணவாய்க் குஞ்சு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டாள். மேட்டில் ஏறும்போது, கேட்கவேண்டியதைத் தன் தாய்மொழியில் ஒருமுறையும் இந்த ஊர்ப் பேச்சில் ஒருமுறையும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தாய்மொழியில் சொன்னபோது குரல் நடுங்கியது. ஊர்ப் பேச்சில் நடுங்கவில்லை. மீன் ஏலத்துப் பெண்களிடம் கற்ற பேச்சு அது, நடுங்கத் தெரியாதது.

வீடு முழுக்கத் திறந்து கிடந்தது. ஈரப் பாய்த்தரையின் வாசனையோடு ஊதுவத்தி வாசனை. பின்னறையில் மாடத்துக்கு முன்னால் அக்கா, தம்பி, ஹிசயோ மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். இனிப்புப் பயறு பூசிய சோற்று உருண்டைகள் தட்டில் இருந்தன. தொகுஜி மெலிந்த மனிதர், அறுபதைக் கடந்தவர். டாக்சியில் நாளெல்லாம் திரும்பிப் பார்த்துப் பேசி, கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. ஃபுசாயே கனத்த உடம்புக்காரி. மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து, வீங்கிய முழங்காலோடு வந்திருந்தாள்.

"வாசல்ல பனி அள்ளினது நீங்கதானாமே. ஹிசயோ அக்கா சொன்னாங்க" என்று தொகுஜி தலை குனிந்தார். "எப்படி நன்றி சொல்றதுன்னே..."

நொர்மிதா டப்பாவைக் கீழே வைத்தாள். "நன்றி வேண்டாம். ஒரே ஒரு பதில் வேணும். நான் வெளிநாட்டுக்காரிங்கறதுதான் காரணம்னா இன்னைக்கு மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. அழ மாட்டேன், சண்டை போட மாட்டேன். வேற வழி பாத்துக்குவேன்."

தொகுஜியின் கோணல் கழுத்து நிமிர்ந்தது. "யாரு சொன்னது அப்படி?"

"நீங்கதான்."

"நானா! எப்ப?"

"போன்ல. மாடம் இருக்குன்னு."

"மாடம் இருக்குன்னுதானே சொன்னேன்?"

"ஆமா."

"மாடம் இருக்கே!" என்று அவர் கையை விரித்துப் பின்னால் காட்டினார்.

ஹிசயோ தரையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் அப்பவே சொன்னேன், கேட்டாளா இவ? குளிர்காலம் பூரா சாக்கடை வாரினா, தம்பி. கோயில்ல முள்ளங்கி சீவினா. எல்லாம் ஒனக்காக."

"எனக்காகவா?" தொகுஜி பயந்துபோய்ப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியது. நொர்மிதாவுக்குக் காது மடல் சுட்டது. ஒரு குளிர்காலம். யாரும் கேட்காத கேள்விக்கு அவள் மண்வெட்டியால் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது, அது வெட்கத்தைவிட வினோதமாக இருந்தது. வெறுப்பு என்றால் அவளுக்குப் பழக்கம். அதன் உயரம் தெரியும், எங்கே கைவைத்து ஏறலாம் என்று தெரியும். இங்கே வெறுப்பு இல்லை. இந்த அறையில் நடந்துகொண்டிருந்த எதிலும் அவள் ஓர் ஆளே இல்லை. கையில் பிடித்துக்கொண்டிருந்த கயிறு திடீரென்று அறுந்தது போலிருந்தது.

"சரி, மாடத்துக்கு என்ன?" என்றாள். "கோயில்ல ஒப்படைக்கிறாங்கதானே எல்லாரும்?"

"ஒப்படைக்கலாம்" என்றாள் ஃபுசாயே. "சாமியார் வந்து ஓதி, இதுலருந்து உயிரை எடுத்துட்டா வெறும் மரப்பெட்டிதான். பேர்ப்பலகைங்களைக் கோயில்ல வச்சுக்குவாங்க. இவன் செய்யணும். ஆம்பளப் பிள்ளை."

"நீதானே மூத்தவ."

"நான் கட்டிக்குடுத்துப் போனவடா. மாமியார் வீட்டு மாடத்துக்குச் சோறு வச்சு வச்சே என் முட்டி போச்சு. இது என் மாடமில்ல."

"என் வீட்டுல டிவிய வைக்கவே இடமில்ல, இதை எங்க கொண்டு..."

"கொண்டுபோகச் சொன்னாங்களா? சாத்தத்தானே சொல்றாங்க!"

சாத்து என்ற சொல்லில் இருவரும் நின்றுவிட்டார்கள். ஹிசயோதான் நொர்மிதாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ஓதி முடிச்சதும் கதவை வீட்டு ஆள்தான் சாத்தணும். சாமியார் சாத்த மாட்டாரு. கீழத்தெரு கோதானி வீட்டு ரெண்டாவது பையனை ஒனக்குத் தெரியுமில்ல?"

"படகுத் துறைகிட்ட கடை வச்சிருந்தவரு. செத்துட்டாரே."

"செத்து எவ்வளவு காலமாச்சு. அவன் பேரு யாருக்காவது ஞாபகமிருக்கா? மாடம் சாத்தினவன். அதான் பேரு."

தொகுஜி சோற்று உருண்டையைப் பார்த்தபடி சொன்னார்: "பள்ளிக்கூடம் முடிச்சு ஒசாகா போகும்போது அப்பா பஸ்ஸுக்கு வந்தாரு. மாடத்தை நீதானே பாத்துக்கணும்னாரு. ஆமான்னு சொல்லிட்டு ஏறிட்டேன். அம்மா போனப்பக்கூட, அடுத்த வருஷம் பாக்கலாம், அடுத்த வருஷம் பாக்கலாம்னு..." தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "வீடு கேட்டு நெறைய பேரு வந்தாங்க, நொர்மிதாசான். உங்க ஒருத்தருக்கு மட்டும் சொன்ன பதில் இல்ல அது."

அவருக்கு இரங்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. இரங்கினால் இன்னொரு அடுத்த வருஷம். கோடையில் குடியிருப்பை இடிப்பார்கள். அடுத்தவர்களின் துக்கத்தை மதித்து மதித்தே தன் சாமான்களை மூட்டை கட்டியவள் அவள். இந்தத் தடவை முடியாது.

"சாமியார் இன்னைக்கு இந்தத் தெருவுக்கு வருவாருதானே?" என்றாள்.

"வருவாரு, திருநாள் சுத்துக்கு" என்றாள் ஹிசயோ. "எங்க வீட்டுக்கு மூணாவதா."

"அப்ப இங்க வரச்சொல்லுவோம்."

"இன்னைக்கா!" தொகுஜி பதறினார். "திருநாள் அன்னைக்குப் போய்..."

"முன்னோருங்க எல்லாரும் வந்து போற நாளுதானே? வழியனுப்ப வேற நாள் எது?"

"தூக்க ஆள் வேணுமே."

"நான் பெட்டி தூக்குறவ. ஐஸோட மீன் பெட்டி."

"காணிக்கை, அதைப் போட உறை, ஒண்ணும் எடுத்துட்டு வரல..."

"உறை என் வீட்டுல கட்டா இருக்கு" என்றாள் ஹிசயோ. "இந்த ஊர்ல மாசம் ரெண்டு சாவு."

ஃபுசாயே முதல்முறையாகச் சிரித்தாள். "டேய் தொகு, ஒனக்கு இன்னும் எத்தனை சாக்கு மிச்சமிருக்கு? சொல்லிரு, ஒண்ணா அடிச்சிரட்டும்."

சாமியார் சின்னச் சுமைவண்டியில் வந்தார். சளிப் பிடித்து மூக்குச் சிவந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் யாரையும் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. "நல்லது. முதல்ல டீ குடுங்க. தொண்டை கட்டிக்கிட்டு ஓதினா உங்க தாத்தா கோவிச்சுக்குவாரு" என்றார். நொர்மிதா பழைய அடுப்படியில் தண்ணீர் சுட வைத்தாள். குழாயைத் திறந்ததும் முதலில் துருநிறத்தில் வந்து, பிறகு தெளிந்தது. தெளியும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓதல் நீண்டது. கடல்காற்று உள்ளே புகுந்து மெழுகுவத்திச் சுடரைப் படுக்கவைத்தது. புருஷனின் அண்ணன் வீட்டில் கடைசி வரிசையில் உட்காரும் பழக்கத்தில் நொர்மிதா வாசலோரமாகவே மண்டியிட்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சொற்கள் புரியவில்லை. மற்ற மூவருக்கும் புரியவில்லை என்பதை இத்தனை ஆண்டுகளில் தெரிந்துவைத்திருந்தாள்.

சாமியார் மணியைத் தட்டினார். ஒலி அடங்கும்வரை காத்திருந்தார். பேர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றினார். பிறகு மாடத்துக்கு முன்னாலிருந்து நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"வீட்டு ஆள் யாராவது கதவைச் சாத்துங்க."

ஒருவரும் அசையவில்லை. ஃபுசாயே தன் முழங்காலைத் தடவினாள். தொகுஜி கையை எடுத்தார், மறுபடி தொடைமேலேயே வைத்துக்கொண்டார். கீழே துறைமுகத்தில் ஒரு படகு இயந்திரத்தை அணைத்தது கேட்டது.

"நொர்மிதாசான்" என்றார் தொகுஜி, திரும்பாமலே. "இனிமே எப்படியும் இது உங்க வீடுதானே. வீட்டை உங்களுக்கே குடுக்கிறதா திங்கக்கிழமையே நகராட்சிக்குச் சொல்லிர்றேன். அதனால... நீங்களே..."

கிடைத்துவிட்டது. எழுந்து நாலு எட்டு நடந்து, இரண்டு கதவைச் சாத்தினால் போதும். அவள் உடம்பு எழுந்தேவிட்டது. இத்தனை ஆண்டுகளாக எந்த வாசலிலும் கிடைக்காத 'ஆமாம்' இது. இவ்வளவு எளிதாக, இவ்வளவு மரியாதையாக. மறுநாள் கொட்டகையில் என்ன பேசுவார்கள் என்பதும் காதில் விழுந்தது: பிலிப்பைன்ஸ்காரி வந்து இவாசே முன்னோர் மாடத்தைச் சாத்தினாள். ஆனால் அவளை நிறுத்தியது அந்தப் பேச்சு மட்டுமல்ல. இந்தக் கதவை அவள் சாத்தினால், இவர்கள் இருவரும் ஒருநாளும் இங்கிருந்து போகமாட்டார்கள். அவள் சோறு பொங்கும்போதும் தூங்கும்போதும் இந்த அறையில் இப்படியே, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"மாட்டேன்" என்றாள்.

ஹிசயோ அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க முன்னோருக்கு என்னைத் தெரியாது. நான் சாத்தினா அது துரத்தினது. நீங்க சாத்தினா அது வழியனுப்பினது."

"அப்ப வீடு..."

"நீங்க சாத்தலன்னா எனக்கு இந்த வீடு வேண்டாம். நான் மக வீட்டுக்குப் போறேன். ஒகாயாமாவுக்கு."

சொல்லி முடித்ததும்தான் அது உண்மை என்று தெரிந்தது. மறுபடி மண்டியிட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இனி அவள் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. சாமியார் மூக்கை உறிஞ்சினார். மெழுகு ஒருபக்கமாக வழிந்து தட்டில் விழுந்து உறைந்தது.

முதலில் எழுந்தது ஃபுசாயே. முழங்கால் 'கடக்' என்று சத்தமிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எந்திரிடா."

"அக்கா..."

"நீ இடது கதவு, நான் வலது. பேரு வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும். நமக்கும் ஒரு பேரு வேணுமில்ல?"

தொகுஜி எழுந்தார். இருவரும் ஆளுக்கொரு கதவைப் பிடித்தார்கள். உள்ளே பொன் ஒரு கோடாகக் குறுகும்போது அவர் நிறுத்தினார். அக்கா அவசரப்படுத்தவில்லை. அவர் உதடு அசைந்தது. அப்பாவிடம் சொன்னாரோ, அம்மாவிடம் சொன்னாரோ. பிறகு சத்தமே இல்லாமல் இரண்டு கதவும் சேர்ந்தன.

தூக்குவதற்கு ஐந்து பேரும் வேண்டியிருந்தது. சாமியார் காவி அங்கியின் கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டார். "இடிக்காம, இடிக்காம! நெலைவாசல்ல பாத்து!" என்று ஹிசயோ கத்தினாளே தவிர அதிகம் தூக்கவில்லை. "உயிரு போயிருச்சுன்னாங்க, கனம் போகலையே" என்று ஃபுசாயே மூச்சிரைத்தாள். தொகுஜி சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார், இரண்டு கையிலும் சுமை இருந்ததால். வண்டியில் ஏற்றிப் போர்வை போட்டுக் கட்டினார்கள். மீன் பெட்டிக்குப் போடும் முடிச்சைத்தான் நொர்மிதா போட்டாள். வேறு முடிச்சு அவளுக்குத் தெரியாது.

வண்டி இறங்கிப் போனபின் உள்ளே வந்தார்கள். மற்ற இடமெல்லாம் மஞ்சளித்திருக்க, மாடம் இருந்த இடத்தில் பாய் புதுப்பச்சையாக, யாரும் மிதிக்காததாகக் கிடந்தது.

"இங்க என்ன வைப்பீங்க? உங்க மாதாவையா?" என்று ஃபுசாயே கேட்டாள். கேள்வியில் குத்தல் இல்லை.

"தெரியல. கொஞ்ச நாள் சும்மா கெடக்கட்டும். அந்தப் பச்சை மத்ததோட சேர்ற வரைக்கும்."

ஃபுசாயே தலையசைத்தாள். பிறகு கணவாய்க் குஞ்சு டப்பாவைத் திறந்து, நின்றபடியே எல்லாரும் தின்றார்கள். "இதைத் தின்னு எவ்வளவு நாளாச்சு" என்று தொகுஜி சொல்லிக்கொண்டே இருந்தார். பத்திரம் எழுதுகிறவரை ஏப்ரலில் பார்ப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

இருட்டுவதற்குள் மலைப்பாதையைக் கடக்க வேண்டும் என்று அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள். செருப்புக் கழற்றும் தாழ்வாரத்தில் இறங்கி, ஃபுசாயே முனகிக்கொண்டே குனிந்து காலணிகளை மாட்டினாள். நொர்மிதா வழியனுப்ப வந்து மேலே, வீட்டுத் தரையில் நின்றாள். அப்படி நிற்க நினைத்து நிற்கவில்லை. இறங்க அங்கே இடமில்லை.

ஃபுசாயே வெளியே போகப் போனவள், திரும்பினாள். இந்தப் படியில் நின்று அவள் சின்னப் பெண்ணாக எத்தனை ஆயிரம் தடவை 'போயிட்டு வர்றேன்' என்று கத்தியிருப்பாள். கட்டிக்கொடுத்த பிறகும் அம்மா இருந்தவரை அதையேதான் சொல்லியிருப்பாள். இப்போது கைகளை முன்னால் சேர்த்து, கனத்த இடுப்பை மடக்கி, அடுத்தவர் வீட்டிலிருந்து கிளம்பும் விருந்தாளி சொல்வதைச் சொன்னாள்.

"ரொம்ப தொந்தரவு குடுத்துட்டோம். மன்னிச்சுக்கங்க."

தொகுஜி அக்காவைப் பார்த்தார். பிறகு அவரும் குனிந்தார். "தொந்தரவு குடுத்துட்டோம்."

அந்தச் சொற்களை நொர்மிதா ஊரில் இருக்கும் எல்லா வாசலிலும் சொல்லியிருக்கிறாள். அதற்கான பதிலை ஒருநாளும் சொல்லும்படி வந்ததில்லை, கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மெல்ல மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்தாள். பலகை சில்லென்று இருந்தது.

"சரியா உபசரிக்கக்கூட முடியல" என்றாள். "எப்ப வேணும்னாலும் வாங்க."

கார் மேட்டை விட்டு இறங்கி, வளைவில் திரும்பி, சத்தம் ஓயும்வரை, வீட்டுக்காரி செய்ய வேண்டிய முறைப்படி, அவள் தலையை நிமிர்த்தவில்லை.